இரண்டாம் பக்கம்

கல்யாணத் தரகர் அப்பாவிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறார், "பொண்ணு ஆடிட்டரா?" என்று. அப்பா மூன்று தடவையும் "இல்லீங்க, ஆக்சுவரி" என்று சொல்லியிருக்கிறார். கடைசியில் தரகர் தன் நோட்டில் 'ஆடிட்டர் மாதிரி' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அது 2010. உண்மையைச் சொன்னால் அப்போது நான் ஆக்சுவரியும் இல்லை. 15 படிகளில் எட்டை ஏறிவிட்டு மீதி ஏழைப் பார்த்துக்கொண்டு நின்ற மாணவி. 27 வயதுப் பெண்ணை இன்னும் பரீட்சை எழுதுகிறாள் என்று சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் வேறு மாதிரி யோசிப்பார்கள் என்று அப்பா அந்த விவரத்தை விழுங்கிவிட்டார்.

ஆக்சுவரி என்ன செய்கிறார் என்று கேட்பவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: பின்னால் ஒருநாள் கொடுக்க வேண்டிய பணத்துக்கு இன்றைக்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதற்குக் கையெழுத்தும் போடுகிறவர். பாலிசிதாரர் இறந்தால் குடும்பத்துக்குத் தரவேண்டிய தொகை, தொழிலாளிக்குச் சேரவேண்டிய பணிக்கொடை, ஓய்வூதியம் எல்லாம் இதில் அடக்கம். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று மூன்றும் தெரியாது. ஆனாலும் ஒரு எண்ணைச் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணைச் சொல்லும் தகுதி வர எனக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று.

கும்பகோணத்தில் கணக்குப் படிக்கிற பிள்ளையை ராமானுஜன் பெயரைச் சொல்லாமல் யாரும் விடமாட்டார்கள். ஆனால் எனக்கு எண்களைப் பழக்கியது அப்பாவின் ரெக்சின் பை. அப்பா ஆயுள் காப்பீட்டு முகவர். பைக்குள் ரசீதுகள், புரபோசல் படிவங்கள், ஓரம் மடங்கிய ஒரு பிரீமியம் அட்டை. 25 வயதுக்காரருக்கு ஒரு கட்டணம், 45 வயதுக்காரருக்கு வேறொன்று. எட்டாவது படிக்கும்போது அந்த அட்டையைப் பார்த்து "இத யாருப்பா போடுறாங்க?" என்று கேட்டேன். "பம்பாயில ஒருத்தரு உக்காந்து போடுவாரும்மா" என்றார். புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்து, 2006 ஜூனில், அந்த ஒருத்தரைத் தேடிப் போகிறமாதிரிதான் பம்பாய்க்கு ரயில் ஏறினேன்.

நல்ல நேரம் அது. 2000-இல் காப்பீட்டுத் துறை தனியாருக்கு மறுபடி திறந்திருந்தது. ஒவ்வொரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியும் ஒரு 'அப்பாயின்டட் ஆக்சுவரி'யை வைத்திருக்க வேண்டும் என்று விதி. முழுத் தகுதி பெற்றவர்கள் நாட்டிலேயே சில நூறு பேர்தான். அதனால் கம்பெனிகள் பட்டதாரிகளை எடுத்து, சம்பளமும் கொடுத்து, படிக்க விடுப்பும் கொடுத்தன. நான் சேர்ந்தபோது எங்கள் அமைப்பின் பெயர் ஆக்சுவேரியல் சொசைட்டி ஆஃப் இந்தியா, 1944-இல் தொடங்கியது. நான் முதல் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த அந்த நவம்பரில் ஆக்சுவரிகள் சட்டம் நடைமுறைக்கு வந்து, சொசைட்டி இன்ஸ்டிடியூட் ஆகிவிட்டது. பெயர்ப் பலகை மாறியதாகத்தான் அன்று நினைத்தேன். தொழில்முறைத் தவறு என்றால் என்ன, அதை யார் விசாரிப்பார்கள், என்ன தண்டனை என்று சட்டமே எழுதி வைத்திருந்ததை ரொம்ப நாள் கழித்துத்தான் வாசித்தேன்.

அந்தக் காலப் பாடத்திட்டத்தில் சி.டி.1 முதல் சி.டி.8 வரை எட்டுத் தாள்கள்: வட்டிக் கணக்கு, நிதி, நிகழ்தகவு, மாதிரிகள், ஆயுள் கணக்கு, புள்ளியியல், பொருளாதாரம், நிதிப் பொருளாதாரம். ஒன்பதாவது ஒரு பயிற்சி வகுப்பு. அதற்குமேல் சி.ஏ. வரிசையில் மூன்று, எஸ்.டி. வரிசையில் இரண்டு, உச்சியில் எஸ்.ஏ. ஒன்று. கூட்டினால் 15. 2012-க்குப் பிறகு வந்தவர்கள் உள்ளே நுழையவே ஒரு தேர்வு எழுத வேண்டும். 2019-இல் பெயர்களும் மாறிவிட்டன. இப்போதைய பிள்ளைகள் 'சி.எம்., சி.எஸ்.' என்று பேசும்போது நான் மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொள்கிறேன்.

செம்பூரில் மூன்று பெண்களோடு ஓர் அறை. காலையில் ஹார்பர் லைன் ரயிலில் வி.டி. நிலையம் வரை பெண்கள் பெட்டி. எனக்கு எதிரே உட்கார்ந்த அக்காக்கள் மடியில் பிளாஸ்டிக் பையை விரித்து இரவுச் சமையலுக்குப் பட்டாணி உரிப்பார்கள். நான் சூத்திர அட்டைகளைப் புரட்டுவேன். ஒருநாள் ஒரு மராத்திப் பெண்மணி என் அட்டையை எட்டிப் பார்த்து, இது என்ன மொழி என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் குறியீடுகள் 1898-இல் லண்டனில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் ஏற்கப்பட்டவை. நடுவில் ஓர் எழுத்து. அதன் நாலு மூலையிலும் குட்டி எண்கள். தமிழில் 'கொ' எழுதும்போது முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் வந்து ஒட்டிக்கொள்கிற மாதிரி. தலையில் இரட்டைப் புள்ளி வைத்தால் பணம் ஆண்டுத் தொடக்கத்தில் வரும். புள்ளியை எடுத்துவிட்டால் ஆண்டு முடிவில். ஒரு புள்ளிக்கு மெய்யும் உயிர்மெய்யும் மாறுகிற மொழியில் வளர்ந்தவளுக்கு இது பழகப் பெரிய சிரமம் இருக்கவில்லை.

பரீட்சைக் கூடத்தில் கையில் வைத்துக்கொள்ள அனுமதித்த ஒரே புத்தகம் மஞ்சள் அட்டை போட்ட அட்டவணைப் புத்தகம். அதில் 'ஏ.எம்.92' என்றொரு இறப்பு அட்டவணை. 17 வயதில் 10,000 பேர் புறப்படுகிறார்கள். 30 வயதில் 9,925 பேர் மிச்சம். 60-இல் 9,287. பக்கம் திரும்பத் திரும்பக் கூட்டம் மெலிந்து, 120 வயதுக்குள் எல்லாரும் போய்ச் சேருகிறார்கள். இவர்கள் பிரிட்டனில் பாலிசி எடுத்திருந்த ஆண்கள். 1990-களின் தொடக்கத்து அனுபவம். இந்தியாவில் உட்கார்ந்து நாங்கள் எழுதிய தாள்களில் செத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். ஆபீசில் வேலைக்கு வேறு அட்டவணை: எல்.ஐ.சி. பாலிசிதாரர்களின் 1994-96 அனுபவத்திலிருந்து செய்தது. காலையில் ஒரு நாட்டுச் சாவு, ராத்திரி இன்னொரு நாட்டுச் சாவு.

சி.டி.5 தாளில் நான் முதன்முதலில் முழுசாகப் போட்ட கணக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. 30 வயதுக்காரருக்கு எப்போது இறந்தாலும் ஒரு லட்சம். வட்டி 4 சதவீதம். அந்த ஒரு லட்சத்தின் இன்றைய மதிப்பு 16,023 ரூபாய். வருஷா வருஷம் அவர் உயிரோடு இருக்கும்வரை ஒரு ரூபாய் கட்டுவார் என்றால் அதன் இன்றைய மதிப்பு 21 ரூபாய் 83 காசு. முதலதை இரண்டாவதால் வகுத்தால் ஆண்டுக்கு 734 ரூபாய். செலவு, லாபம், கமிஷன் எதுவும் சேர்க்காத வெறும் பிரீமியம். அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "இவ்வளவுதானா? இதுக்கா பம்பாய்?" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எல்லா எண்ணும் புத்தகத்தில் இருக்கிறது, வகுத்தால் விடை. அந்த நினைப்பிலேயே எட்டுத் தாளையும் நாலு வருஷத்தில் தாண்டிவிட்டேன். இரண்டில் ஒருமுறை சறுக்கியதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆனால் ஆபீசில் எண்கள் புத்தகத்திலிருந்து வருவதில்லை. என் முதல் வேலை, பாலிசிதாரர் தரவைச் சுத்தம் செய்வது. பிறந்த தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், வருஷத்தில் மற்ற நாட்களெல்லாம் தரையோடு கிடக்க, ஜூன் 1 மட்டும் பனைமரம் மாதிரி நின்றது. கணினியில் ஏதோ கோளாறு என்று அறிக்கை எழுதிவிட்டேன். வார இறுதியில் அப்பாவிடம் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் சிரித்தார். "பள்ளிக்கூடத்துல சேக்கும்போது ஹெட்மாஸ்டர் என்ன பண்ணுவாரு? வலது கையத் தலைக்கு மேல சுத்தி இடது காதத் தொடச் சொல்லுவாரு. தொட்டா அஞ்சு வயசு. அப்பறம் ஜூன் ஒண்ணுன்னு எழுதிடுவாரு. உங்க பெரியப்பாவுக்கே அதான் பொறந்த நாளு." பழைய பாலிசிகளில் வயதுச் சான்றாக ஜாதகத்தைக்கூட ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. திங்கட்கிழமை போய் அறிக்கையைத் திருப்பி வாங்கி, 'வயது ஓராண்டு வரை முன்பின் இருக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

அப்பாவிடம் கற்றது இன்னொன்றும் உண்டு. புத்தகத்தில் எதிர்த்தேர்வு என்று ஓர் அத்தியாயம். காப்பீடு தேவைப்படும் என்று தன் உடம்பைப் பற்றி உள்ளூரத் தெரிந்தவர்களே அதிகம் வாங்க வருவார்கள். அதனால் கம்பெனி எதிர்பார்த்ததைவிடச் சாவுகள் கூடும். இதை நான் இரண்டு நாள் படித்தேன். அப்பா ஒரே வாக்கியத்தில் வைத்திருந்தார்: "நாம தேடிப் போறவன் நல்லவன், நம்ம வாசலத் தேடி வர்றவன நாலு கேள்வி கேளு."

மூன்றாவது பாடத்தை அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நான் எம்.எஸ்சி. விடுமுறையில் வீட்டில் இருந்தேன். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோயிற்று. அக்கரைப்பேட்டையில் அப்பாவுக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். இரண்டாம் நாள் அவர் பஸ் பிடித்துப் போனார். அவரிடம் தெருவாரியாகப் பெயர் எழுதிய ஒரு நீள நோட்டு உண்டு. வசூலுக்குப் போகும்போது வசதி என்று அப்படி எழுதியிருந்தார். திரும்பி வந்து அதை மேஜையில் வைத்தார். ஒரே பக்கத்தில் ஒன்பது பெயருக்கு எதிரே பென்சில் கோடு. அதில் சிலருக்கு வாரிசாக எழுதியிருந்தவர்களும் இல்லை. அதன்பிறகு மூன்று மாதம் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று தாலுகா ஆபீசுக்கு அலைந்துகொண்டே இருந்தார்.

பிறகு சி.டி.5 படிக்கும்போது, கணவன் மனைவி இருவர் பேரிலும் எடுக்கும் பாலிசிக்கான அத்தியாயத்தில், ஒரு சின்ன வாக்கியம் வந்தது: இரு உயிர்களும் ஒன்றையொன்று சாராதவை என்று கொள்வோம். அப்படிக் கொண்டால்தான் இரண்டு நிகழ்தகவையும் பெருக்க முடியும். ஒருவர் சாவு இன்னொருவர் சாவைத் தொடாது என்று அதற்கு அர்த்தம். நான் பென்சிலை வைத்துவிட்டேன். அந்த நோட்டின் பக்கம் கண்ணில் வந்தது. கணக்கு தப்பில்லை, ஆயிரம் ஊர்களில் சிதறிக் கிடக்கும் பத்தாயிரம் பேருக்கு அது சரிதான். ஒரே தெருவில், ஒரே கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அது பொய். புத்தகமாவது அதை ஒரு வரியாக எழுதியிருந்தது. அப்பாவின் பையிலிருந்த அந்தப் பிரீமியம் அட்டையில் அந்த வரி எங்கும் இல்லை.

2009-இல் காப்பீட்டுக் கம்பெனியை விட்டு, ஊழியர் பலன்களை மதிப்பிடும் ஆலோசனை நிறுவனம் ஒன்றுக்கு மாறினேன். திருத்திய கணக்கியல் தரம் 15, 2006 டிசம்பர் 7 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் கணக்காண்டுகளுக்கு வந்திருந்தது. பணிக்கொடைக்கும் விடுப்புச் சம்பளத்துக்கும் கம்பெனிகள் எவ்வளவு கடன்பட்டிருக்கின்றன என்று ஆண்டுக் கணக்கில் காட்ட வேண்டும். அதற்கு ஆக்சுவரியின் அறிக்கை வேண்டும். மார்ச், ஏப்ரல் வந்தால் எங்கள் ஆபீசில் கல்யாண மண்டபச் சமையல்கட்டு மாதிரி ஓட்டம்.

பணிக்கொடைச் சூத்திரம் பலருக்கும் தெரியும்: கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்க வேண்டும். 26,000 சம்பளத்தில் பத்து வருஷம் இருந்தவருக்கு ஒன்றரை லட்சம். ஆக்சுவரியின் வேலை அவர் இன்னும் போகாதபோது தொடங்குகிறது. அவர் எப்போது போவார், அப்போது சம்பளம் என்னவாக இருக்கும், அந்தப் பணத்தின் இன்றைய மதிப்பு என்ன? சம்பள உயர்வு, வட்டி வீதம், விலகல் வீதம், இறப்பு வீதம். இந்த நாலையும் எடுத்துக்கொடுத்தால் மீதியைக் கணினியே போட்டுவிடும்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் திருநெல்வேலிக்காரர். 30 வருஷ அனுபவம். கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். என் முதல் வரைவு அறிக்கையில் எத்தனை எண்கள் உண்டோ அத்தனைக்கும் பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: 'எங்கேயிருந்து வந்தது?' வட்டி வீதம் 8 என்று போட்டிருந்தேன். "சார், போன வருஷ அறிக்கைல அதான் இருந்தது." அவர் நிமிர்ந்து பார்த்தார். "போன வருஷம் யாரும்மா கையெழுத்துப் போட்டது?" "நீங்கதான் சார்." "அப்ப நான் எங்கேயிருந்து எடுத்தேன்னு கேக்கணும்லா?" கணக்காண்டு முடியும் நாளில் அரசுக் கடன் பத்திரங்களுக்குச் சந்தையில் கிடைத்த வட்டிதான் அந்த வீதம், விதியே அப்படி. மார்ச் 31-ஆம் தேதிப் பத்திர விலைகளை நானே எடுத்துப் போட்டுப் பார்த்தபோது 8 வரவில்லை.

பரீட்சையில் நான் விழத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். சி.ஏ.3 என்பது தகவல் தொடர்புத் தாள். ஒரு சிக்கலான விஷயத்தை ஆக்சுவரி அல்லாத ஒருவருக்குக் கடிதமாக எழுத வேண்டும். கணக்கே கிடையாது. ஆபீசில் எல்லாரும் 'லேசு' என்றார்கள், நான் தோற்றேன். என் கடிதத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்தால், இன்னொரு ஆக்சுவரிக்கு எழுதிய மாதிரிதான் இருந்தது. அடுத்த தடவை பயிற்சிக்கு ஒரு வழி செய்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் தமிழில் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுவேன், பிறகுதான் ஆங்கிலம். தமிழில் எழுதும்போது 'அனுமானம்' என்ற சொல் தானாகவே முன்னுக்கு வந்து நின்றது. 'வருஷத்துக்கு நூற்றுக்கு எட்டுப் பேர் வேலையை விட்டுப் போவார்கள் என்று வைத்துக்கொண்டால்' என்று தொடங்கினால் அப்பாவுக்குப் புரிந்தது. விடையைச் சொல்லிவிட்டு அனுமானத்தைக் கடைசியில் வைத்தால் புரியவில்லை. அந்த முறை தேறினேன்.

அதற்குள் கல்யாணம் ஆகி, 2012-இல் மகள் பிறந்துவிட்டாள். எஸ்.டி. தாள்கள் இரண்டையும் அவள் தூங்கும் நேரத்தில் படித்தேன். உச்சியில் இருந்த எஸ்.ஏ.4, ஓய்வூதியமும் பிற பலன்களும், மூன்று முறை என்னை இறக்கிவிட்டது. தேறியவர்கள் பட்டியலில் எண்கள் இரண்டு வரியைத் தாண்டாது. அந்த இரண்டு வரியையும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று படித்து முடித்துவிட்டு, குக்கர் வைக்கப் போவேன். என் கணவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். மாமியார்தான் ஒருநாள், "எத்தன தடவ எழுதலாம்னு ஏதாவது கணக்கு இருக்காம்மா?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமான கேள்வி. இல்லை அத்தை, எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்றேன். "அப்ப சரி, எழுது" என்று குழந்தையை வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு, பழைய கேள்வித்தாள் ஒன்றுக்கு நான் எழுதிய விடையை சாரிடம் கொடுத்தேன். ஒரு கம்பெனி தன் ஓய்வூதியத் திட்டத்தை மூடப் பார்க்கிறது. நிர்வாகத்துக்கு என்ன ஆலோசனை சொல்வாய் என்பது கேள்வி. நான் பதினோரு சூத்திரங்களையும் நாலு முறைகளையும் எழுதி வைத்திருந்தேன். அவர் பென்சிலைத் தொடவே இல்லை. "எல்லாம் சரிதான்மா. ஆனா இதுல நீ எங்க இருக்கே?" என்றார். எனக்குப் புரியவில்லை. "தேர்வாளர் உன் கணக்குத் திறமையக் கேக்கல. அது எட்டுத் தாள்லயே தெரிஞ்சாச்சு. இந்தக் கம்பெனிக்காரன் உன் முன்னால உக்காந்திருக்கான். எத நம்பி இந்த எண்ணச் சொல்றே, அந்த நம்பிக்கை பொய்யாப் போனா என்ன ஆகும், யாரு நஷ்டப்படுவாங்க? இதச் சொல்ல ஆள் வேணும்னுதான் பரீட்சை வச்சிருக்கான்."

நாலாவது முறை, கூடத்தில் கொடுக்கும் 15 நிமிட வாசிப்பு நேரத்தில் ஒரு சூத்திரத்தையும் நான் யோசிக்கவில்லை. ஒவ்வொரு கேள்வியிலும் யார் கேட்கிறார், யாருடைய பணம், எது தெரியாது என்று மட்டும் குறித்துக்கொண்டேன். 2015-இல் என் எண் அந்த இரண்டாவது வரியில் இருந்தது.

அதோடு முடியவில்லை. ஃபெலோ, அதாவது முழுத் தகுதி பெற்ற உறுப்பினர், ஆவதற்கு முன் இந்தியா ஃபெலோஷிப் செமினார் என்று இரண்டு நாள் உட்கார வேண்டும். ஐந்தாறு பேர் கொண்ட குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தர்மசங்கடமான சூழ்நிலை. மூத்த ஆக்சுவரிகள் முன்னால் மேடையேறி உங்கள் முடிவைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வந்தது: நிர்வாக இயக்குநர் ஓர் அனுமானத்தை மாற்றச் சொல்கிறார்; மாற்றினால் கம்பெனிக்கு லாபம் கூடும்; அனுமானம் முழுத் தப்பும் இல்லை, முழுச் சரியும் இல்லை. நாங்கள் அழகாகப் பேசினோம். தொழில் நெறி, நடத்தை விதி என்றெல்லாம் சொன்னோம். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார்: "எல்லாம் சரி. அடுத்த மாதம் உங்கள் வீட்டு லோன் தவணையை யார் கட்டுவார்கள்?" கூடம் சிரித்தது. மேடையில் எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அவரும் பதிலுக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

ஃபெலோ ஆனபின்னும் அறிக்கையில் தன் பேரில் கையெழுத்துப் போட, தொழில்புரியும் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அதை வாங்கிக்கொண்டு 2017-இல் சென்னைக்கு வந்து சிறிய அளவில் தொழில் தொடங்கினேன். என் பேரில் போன முதல் அறிக்கைகளில் ஒன்று, கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் செட் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு. 212 பேர். தரவு எக்செல்லில் வந்தது. திறந்ததும் முதலில் பிறந்த தேதிகளைத்தான் பார்த்தேன். 31 பேர் ஜூன் 1-ஆம் தேதிக்காரர்கள். 58-இல் ஓய்வு என்றால், ஹெட்மாஸ்டர் கொடுத்த ஒரு வயது இங்கே ஒரு வருஷப் பணிக்கொடை.

விலகல் வீதம் என்ன என்று கணக்காளரிடம் கேட்டேன். "இருபது போட்டுக்கங்க மேடம். இப்பெல்லாம் யாருங்க நிக்கறாங்க?" என்றார். பணிக்கொடைக்குத் தகுதி பெறப் பொதுவாக ஐந்து வருஷம் வேலை செய்திருக்க வேண்டும். இறப்புக்கும் உடல் ஊனத்துக்கும்தான் அந்த நிபந்தனை இல்லை. அதனால் எத்தனை பேர் ஐந்து வருஷத்துக்குள் போய்விடுவார்கள் என்பதில்தான் கம்பெனியின் கடன் ஏறுவதும் இறங்குவதும். வருஷம் 20 சதவீதம் பேர் விலகினால், புதிதாகச் சேரும் நூறு பேரில் ஐந்தாம் வருஷ முடிவில் 33 பேர் இருப்பார்கள். ஐந்து வருஷச் சம்பளப் பதிவேடுகளை அனுப்பச் சொன்னேன். தயங்கி, பத்து நாள் கழித்து அனுப்பினார். எண்ணிப் பார்த்தால் வந்த வீதம் எட்டு. எட்டென்றால் நூற்றுக்கு 66 பேர் நிற்பார்கள். சரியாக இரண்டு மடங்கு.

அறிக்கை மூன்று பக்கம். முதல் பக்கத்தில் கம்பெனியின் கடன் தொகை. மூன்றாவதில் என் கையெழுத்து. நடுவில் அனுமானங்கள்: வட்டி வீதம், எந்தத் தேதிப் பத்திரச் சந்தையிலிருந்து, சம்பள உயர்வு, எந்த வருஷங்களைப் பார்த்து, விலகல் எட்டு, எந்தப் பதிவேடுகளிலிருந்து. நிர்வாகம் சொன்னது இருபது என்பதையும் அதை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் எழுதினேன். பிறந்த தேதி பற்றி ஒரு வரி. கடைசியாக, யாரும் கேட்காத ஒரு வரி: 212 பேரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள், ஒரே விபத்தில் பலர் இறப்பது இந்தக் கணக்கில் அடங்காது.

நாலாம் நாள் போன் வந்தது. "மேடம், ரிப்போர்ட் நல்லாருக்குதுங்க. அந்த ரெண்டாவது பக்கத்த மட்டும் எடுத்துரலாமுங்களா? பேங்க்காரங்க கேள்வி கேப்பாங்க."

வங்கி அவர்களுக்குக் கடன் வரம்பை உயர்த்துவதாக இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அந்த மாதச் சம்பளத்துக்கு வழி பார்த்துக்கொண்டிருந்த மனிதர். செமினாரில் கேட்ட பெரியவர் நினைவுக்கு வந்தார். எனக்கும் அப்போது தவணை இருந்தது.

"அந்தப் பக்கத்துக்குத்தாங்க கையெழுத்து" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார். என் கட்டணம் வந்தது. அடுத்த வருஷம் மார்ச்சில் அவர்களிடமிருந்து தரவு வரவில்லை.

ஏப்ரலில் ஒரு கடிதம் வந்தது. எனக்கு முகம் தெரியாத ஓர் ஆக்சுவரி, புதிதாகத் தகுதி பெற்றவர் போலிருக்கிறது. அந்தத் தொழிற்சாலை தன்னை அணுகியிருப்பதாகவும், இந்தப் பணியை ஏற்பதற்குத் தொழில்முறையில் ஏதாவது தடை உண்டா என்று எங்கள் நடத்தை விதிப்படி முந்தைய ஆக்சுவரியைக் கேட்பதாகவும் எழுதியிருந்தார். தடை எதுவும் இல்லை என்று பதில் எழுதினேன். கூடவே என் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தையும் இணைத்தேன். விலகல் வீதம் எட்டு என்பதற்கு எதிரே, சிவப்புப் பென்சிலால், அது எங்கேயிருந்து வந்தது என்று குறித்து அனுப்பினேன்.